அட்டைத் துண்டும் செப்புக் குழாயும்: வீட்டில் ஒரு ‘டியூபுலர் பெல்ஸ்’ முயற்சி

போன ஞாயிறு மாலை, ஏழு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வேலை ஒருவழியாக முடிந்தது. கால் அங்குல டேப்பில் ஆறு அடுக்கு இசை, அதன் மேல் கடைசியாக ஒரு மணியோசை, மொத்தம் 3 நிமிடம் 10 வினாடி. கேட்பவருக்கு மழைநாளில் சிற்றலை வானொலி கேட்பது போலத்தான் இருக்கும். ஆனாலும் கணினியில் வெட்டி ஒட்டாமல் வந்த பதிவு. எங்கெங்கே சறுக்கினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தூண்டுதல் ஆங்கிலேய இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ (குழாய் மணிகள்) ஆல்பம். 1973 மே 25 அன்று வெளியானது. வர்ஜின் ரெக்கார்ட்ஸின் முதல் ஆல்பம், எண் வி2001. இரண்டு பக்கம், இரண்டே உருப்படி, ஏறக்குறைய எல்லா வாத்தியமும் ஒரே ஆள். அவர் 1953இல் பிறந்தது நான் இப்போது குடியிருக்கும் இதே இங்கிலாந்து ரெடிங்கில்தான். கொஞ்சம் ஊர்ப்பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டியது ஆல்பம் அல்ல, அதற்கு முந்தைய மாதிரிப் பதிவு. பாடகர் கெவின் ஏயர்ஸின் குழுவில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்த பையன், அவரிடமே ஒரு பேங் அண்ட் ஒலுஃப்சன் பியோகார்ட் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, லண்டன் டாட்டன்ஹாமில் தான் இருந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறான். இரண்டே தடம் உள்ள இயந்திரம். பழையதை அழிக்கும் முனையான இரேஸ் ஹெட்டை ஓர் அட்டைத் துண்டாலும் ஒட்டு டேப்பாலும் மறைத்துவிட்டால் பழைய பதிவு அழியாது, அதன் மேலேயே புதியது ஏறும். ‘ஓபஸ் ஒன்’ என்று ஓல்ட்ஃபீல்ட் அப்போது அழைத்த அந்த இசையைப் பல கம்பெனிகள் வேண்டாம் என்றன.

ஓர் அட்டைத் துண்டு. அவ்வளவுதானே, நாமும் செய்யலாமே என்று தோன்றியது. இந்த ‘அவ்வளவுதானே’வை நம்பித்தான் ஏழு மாதம் போயிற்று.

முதலில் இயந்திரம். பியோகார்ட் தேடினேன். நல்ல நிலையில் இருப்பவை என் வரவுசெலவுக்கு ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு ஜப்பானிய டேப் டெக் 85 பவுண்டுக்குக் கிடைத்தது. அழிக்க, பதிய, கேட்க என்று மூன்று ஹெட், இரண்டு வேகம்: வினாடிக்கு 19 செ.மீ., 9.5 செ.மீ. இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி ரெக்கார்டு சுவிட்ச். இந்தத் தனி சுவிட்ச்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, வாங்கும்போது அதன் அருமை தெரியாது. விற்றவர் “ஓடும்” என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து மின்சாரம் கொடுத்தால் மோட்டார் ஓடியது, ரீல் ஓடவில்லை.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி கப்பியில் ஒட்டியிருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சும் வைத்து அதைச் சுரண்டி எடுக்க இரண்டு மாலை. விரல் நகத்தில் கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. பெல்ட் அளவு தெரியாததால் கப்பிகளைச் சுற்றி நூலைக் கட்டி அளந்து, அதில் ஐந்து சதவீதம் குறைத்து வாங்கினேன். சரியாக உட்கார்ந்தது. டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையும் கல்லாக இறுகியிருந்தது, அதையும் மாற்றினேன். இரண்டும் சேர்த்து 19 பவுண்டு. கூடவே வந்த பழைய டேப் ஒன்றை ஓட்டிப் பார்த்ததில் ஹெட் முழுவதும் பழுப்புப் பசை. அன்றே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டேப் இரண்டு ரீல் வாங்கினேன், ரீல் 28 பவுண்டு. வலித்தது. ஆனால் பழைய டேப்பில் பரிசோதனை செய்தால் தப்பு நம்முடையதா டேப்புடையதா என்றே தெரியாமல் போய்விடும்.

அடுத்தது அட்டை. இங்கேதான் என் முதல் அதிமேதாவித்தனம். அட்டை எதற்கு, இரேஸ் ஹெட்டின் வயரையே எடுத்துவிட்டால் போயிற்று, சுத்தமான வேலை என்று நினைத்தேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி நாலு வயரையும் கழற்றினேன். பழைய பதிவு அழியவில்லை, உண்மை. ஆனால் புதுப் பதிவு கரகரவென்று, தகர டப்பாவுக்குள் பேசுவது போல வந்தது. ஹெட்டைத் துடைத்தேன், காந்தம் நீக்கினேன், டேப்பை மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் ஒரு காலத்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்த்தவர். அவரிடம் சொன்னேன். அவர் வந்து பார்க்கக்கூட இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொல்லிவிட்டார். அழிப்பதற்கும் பதிவதற்கும் தேவையான உயர் அலைவரிசையை ஒரே ஆசிலேட்டர்தான் கொடுக்கிறது. பல இயந்திரங்களில் இரேஸ் ஹெட்டின் சுருளும் அந்தச் சுற்றில் ஓர் உறுப்பு. அதைக் கழற்றினால் ஆசிலேட்டரே தடம் மாறும், பதியும் ஹெட்டுக்குப் போகும் பயாஸ், அதாவது பதிவு தெளிவாக விழ ஒலியோடு கலக்கும் அந்த உயர் அலைவரிசை, கெடும். “அட்டையை வை. மின்சாரத்துக்கு அட்டை இருப்பதே தெரியாது” என்றார்.

அதாவது, வேறு வழியில்லாமல் செய்த ஒட்டுவேலை என்று நான் நினைத்த அந்த அட்டைதான் சரியான வழி. ஹெட் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், டேப் மட்டும் அதைத் தொடாது. நாலு வயரையும் திரும்பப் பற்றவைத்தேன். ஒன்றின் உறை கருகிவிட்டது, அதற்கு மேல் ஒரு குழல் மாட்டினேன்.

எந்த அட்டை? முதலில் பார்சல் பெட்டியிலிருந்து கிழித்தது. வெர்னியரில் 1.2 மி.மீ. அது டேப்பையே தூக்கிவிட்டது. அடுத்திருக்கும் ரெக்கார்டு ஹெட்டின் மேல் டேப் சரியாகப் படியாமல், இடப்பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. இந்த விவகாரத்தில் மில்லிமீட்டர் என்பதே பெரிய அளவு. 19 செ.மீ. வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் நீளம் 0.019 மி.மீ. தூசு ஒட்டினாலே கூர்மையான ஒலி காணாமல் போகும். அடுத்து ஒரு விசிட்டிங் கார்டு, 0.3 மி.மீ. இதில் டேப் ஒழுங்காக ஓடியது, ஆனால் இரேஸ் ஹெட்டின் காந்தப் புலம் அட்டையைத் தாண்டி வந்து பழைய பதிவைப் பாதி மங்கவைத்தது. கடைசியில் அதே கார்டு இரண்டு மடிப்பு, 0.6 மி.மீ., 8 மி.மீ. அகலம், ஓரங்களை உப்புத்தாளால் சரித்து, அட்டையின் நார் டேப்பில் ஒட்டாமல் இருக்க மேலே வழவழப்பான ஒட்டு டேப். இது நின்றது. டாட்டன்ஹாமில் அந்தப் பையன் எத்தனை அட்டை கிழித்தானோ!

பியானோவில் அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தை வாசித்துப் பதிந்தேன். பக்கத்து அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, “பேய்ப் படம் பார்க்கறீங்களா அப்பா?” என்றாள். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் இந்தத் தொடக்கத்தை எடுத்துப் போட்டதிலிருந்து இதற்கு இதே விதிதான். ரீலைத் தொடக்கத்துக்குச் சுற்றி, அட்டையோடு அதே தடத்தில் குளாக்கன்ஸ்பீல் என்ற உலோகப் பட்டை வாத்தியத்தைச் சேர்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டும் வகை, 14 பவுண்டு. காதில் ஹெட்ஃபோன், அதில் பியானோ, அதோடு ஒட்டி வாசிக்கிறேன். எல்லாம் பொருந்துகிறது. திரும்பப் போட்டுக் கேட்டால், குளாக்கன்ஸ்பீல் முழுக்கப் பின்தங்கி வருகிறது. எனக்குத்தான் தாளம் போயிற்று என்று நினைத்து நாலு தடவை வாசித்தேன். நாலு தடவையும் ஒரே அளவு பின்தங்கல்.

விளங்க ஒரு நாள் ஆயிற்று. நான் கேட்பது பிளே ஹெட்டிலிருந்து. பதிவது அதற்கு முன்னால் இருக்கும் ரெக்கார்டு ஹெட்டில். நடுவில் என் இயந்திரத்தில் 30 மி.மீ. தூரம். டேப் அதைக் கடக்க ஏறக்குறைய 0.16 வினாடி. நான் பியானோவைக் கேட்டு வாசிக்கும்போது, அந்த இடம் ரெக்கார்டு ஹெட்டைத் தாண்டிப் போய் 30 மி.மீ. ஆகிவிட்டது. நான் வாசித்த வேகத்தில் ஒரு ஸ்வரத்துக்கே 0.2 வினாடிதான். அப்புறம் எப்படிப் பொருந்தும்?

இன்னொரு நஷ்டமும் தெரிந்தது. இரேஸ் ஹெட்டை மறைத்தாலும் ரெக்கார்டு ஹெட்டில் வரும் பயாஸே பழைய பதிவைக் கொஞ்சம் தேய்க்கிறது, அதுவும் மேல்ஸ்தாயியை முதலில். ஒவ்வொரு முறை மேலே பதியும்போதும் கீழே இருப்பது கம்பளி போர்த்திக்கொண்டது போல ஆகிறது.

அட்டையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் இயந்திரத்தைத் தொடவில்லை. இந்த நேரத்தில் ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார், அது ஒரு சாக்கு.

திரும்ப வந்தபோது வழியை மாற்றினேன். இடத் தடத்தில் பியானோ. அதைப் பிளே ஹெட்டிலிருந்து எடுத்து, சின்ன மிக்சரில் புது வாத்தியத்தோடு கலந்து, வலத் தடத்தில் பதிவது. பழையதும் புதியதும் மிக்சரிலேயே சேர்ந்துவிடுவதால் பின்தங்கல் கிடையாது. அடுத்த அடுக்கு வலத்திலிருந்து இடத்துக்கு, பிறகு மறுபடி வலம். துணியைத் திருப்பித் திருப்பி மடிப்பது போல. இதற்கு அட்டை வேண்டாம், இரேஸ் ஹெட் வேலை செய்தாக வேண்டும், தனித்தனி ரெக்கார்டு சுவிட்ச்தான் வேண்டும். என்னிடம் அது இருந்தது.

இந்த முறையின் குணம் ஒன்று உண்டு. அடுக்கு நாலில் தப்பு செய்தால் அடுக்கு மூன்று வரையிலான கலவை மறு தடத்தில் பத்திரமாக இருக்கும், திரும்ப வாசிக்கலாம். ஆனால் நாலு சரியாக அமைந்து ஐந்துக்குப் போன கணத்தில் மூன்று என்பது உலகத்திலேயே இல்லை. பேஸ் சத்தம் அதிகம் என்று ஐந்தாவதில் தெரிந்தால் அழுதுகொண்டே முதலிலிருந்து வர வேண்டும். நான் வந்தேன், இரண்டு முறை.

அடுத்த தொல்லை எண்ணிக்கை. அந்தத் தொடக்கம் பதினைந்து எண்ணிக்கை. ஏழும் எட்டுமாகப் பிரித்துக்கொள்ளலாம். பதினாறாக இருந்திருந்தால் யாரும் கூடச் சேர்ந்து தலையாட்டலாம். ஓல்ட்ஃபீல்ட் வேண்டுமென்றே கடைசி ஒன்றை விட்டுவிட்டார். ‘ஒன்று, இரண்டு’ என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ‘பதினொன்று, பன்னிரண்டு’ வரும்போது நாக்கு மூன்று அசைக்கு நீள்கிறது, விரல் பின்னால் போகிறது. தமிழ் எண்களை நம்பி வேகமாக எண்ண முடியாது.

சமையலறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரு நாள் பொறுக்காமல் வந்துவிட்டாள். சின்ன வயதில் ஏழு வருடம் பரதம் கற்றவள். “ஏங்க, ஏழும் எட்டும்தானே? இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க?” என்று தொடையில் தட்டிக் காட்டினாள். தகிட தகதிமி, தகதிமி தகஜொணு. மூன்றும் நாலும் ஏழு, நாலும் நாலும் எட்டு. அவள் சொன்னதையே கைப்பேசியில் மூன்று நிமிடம் பதிந்து, ஒரு காதில் அதை ஓடவிட்டு வாசித்தேன். முதல் முறையே தடுமாறாமல் முடிந்தது. மெட்ரோனோம் வாங்க எடுத்து வைத்திருந்த காசு மிச்சம்.

முதல் முழு முயற்சியில் வரிசை இது: பியானோ, குளாக்கன்ஸ்பீல், கிதார், இன்னொரு கிதார், ஆர்கன், பேஸ். ஆறாவது நகலில் குளாக்கன்ஸ்பீலின் ஜிலுஜிலுப்பு போயே போய்விட்டது. மரக்கட்டையைத் தட்டுவது போல இருந்தது. இரைச்சலைக் கணினியில் அளந்தேன். முதல் நகலைவிட ஏறக்குறைய 8 டெசிபெல் கூடுதல். என் டேப்பில் ஒரு தடத்தின் அகலம் ஒரு மி.மீ.தான், அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது முயற்சியில் தலைகீழ். மந்தமான ஒலிகள் முன்னால், மின்னுபவை கடைசியில். பேஸ், ஆர்கன், பியானோ, கிதார், இன்னொரு கிதார், குளாக்கன்ஸ்பீல். பேஸ் தேய்ந்தால் பெரிதாகத் தெரியாது. குளாக்கன்ஸ்பீல் ஒரே ஒரு நகலோடு தப்பிக்கும். சிக்கல் என்னவென்றால், வெறும் பேஸை மட்டும் முதலில் வாசிக்கும்போது பாட்டு முழுவதும் மனதுக்குள் ஓட வேண்டும். எங்கே என்ன வரப்போகிறது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டு, சுவரில் ஒட்டி, பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வாசித்தேன். அந்த மாதிரிப் பதிவைப் பற்றி எனக்கிருந்த வியப்பு அன்றைக்குத்தான் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. அட்டை யாருக்கும் கிடைக்கும்.

இரண்டாவது கிதாருக்கு ஒரு வேடிக்கை. ஆல்பத்தில் ‘இருமடங்கு வேகக் கிதார்’ என்று அறிவித்துவிட்டே ஒன்று வரும். டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பதிந்து, முழு வேகத்தில் போட்டால் கிதார் ஒரு ஸ்தாயி ஏறி மேண்டலின் சாயலுக்கு வந்துவிடும். நானும் 9.5இல் வைத்து வாசித்தேன். பாதி வேகத்தில் பியானோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, பதினைந்து எண்ணிக்கை முடிவதற்குள் தூக்கம் வருகிறது. விரலுக்குச் சுலபம், மனதுக்குக் கஷ்டம். 19க்கு மாற்றிக் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. நான் சாதாரணமாக வாசிக்கவே முடியாத வேகத்தில் யாரோ வாசிக்கிறார்கள். விரல் நரம்பில் உரசும் சத்தம்கூட இரட்டை வேகத்தில் எலிக்குஞ்சு போலக் கத்துகிறது, அதைத் தவிர்க்க விரல் நுனியில் கொஞ்சம் பவுடர்.

இனி மணி. குழாய் மணி இல்லாமல் இந்தப் பெயரில் எதையும் முடிக்க மனம் வரவில்லை. ஓல்ட்ஃபீல்டுக்கே அது தற்செயலாக வந்ததுதான். 1972 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் ஷிப்டன்-ஆன்-செர்வெல் கிராமத்தில் இருந்த ‘தி மேனர்’ ஸ்டுடியோவில் அவருக்கு ஒரு வாரம் கிடைத்தது. இசைக்கலைஞர் ஜான் கேலின் பதிவு முடிந்து திருப்பி அனுப்ப இருந்த வாத்தியங்களுக்கு நடுவே குழாய் மணிகளைப் பார்த்து, இதை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். அங்கே 2 அங்குல டேப்பில் 16 தடம் ஓடும் ஆம்பெக்ஸ் இயந்திரம், அதோடு இரைச்சலைக் குறைக்கும் டால்பி. முதல் பக்கம் அந்த வாரத்தில் உருவானது. என் மிக்சரைப் பார்த்துக் கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொண்டேன்.

வீட்டுக் குழாய்க் கடையில் 28 மி.மீ. செப்புக் குழாய், சுவர் தடிமன் 0.9 மி.மீ., 3 மீட்டர் நீளம், 38 பவுண்டு. பைப் கட்டர் 11. காரின் முன்சீட்டைச் சாய்த்துக் கொண்டுவந்தேன். வாசலில் பார்த்த மாமியார், “எந்தக் குழாய் ஒழுகுது மாப்பிள்ளை? ஆளைக் கூப்பிடக் கூடாதா?” என்றார்.

440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ‘ஏ’ ஸ்வரம் வேண்டும். கணக்குப் போட்டு 53.3 செ.மீ.க்கு வெட்டினேன். முனையிலிருந்து 22.4 சதவீதத்தில், அதாவது 11.9 செ.மீ.யில் துளையிட்டுத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டுத் தட்டினேன். ‘ஏ’ அச்சாக வந்தது. ஆனால் மணி வரவில்லை. வாசலில் தொங்கும் காற்றுமணி வந்தது. இனிமையான, சின்ன, பூஜை அறைச் சத்தம்.

தப்பு கணக்கில் இல்லை, எதைக் கணக்குப் போட்டேன் என்பதில். நான் எடுத்தது குழாயின் முதல் அதிர்வை. வாத்தியமாகச் செய்யும் குழாய் மணியில் காது பிடிப்பது அதை அல்ல. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது அதிர்வுகள் ஏறக்குறைய 2:3:4 என்ற விகிதத்தில் விழுகின்றன. அதைக் கேட்டுக் காது, நாலாவதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒரு சுருதியைத் தானாகக் கற்பித்துக்கொள்கிறது. அந்தச் சுருதியில் குழாய் அதிர்வதே இல்லை. அப்படியானால் நாலாவது அதிர்வு 880இல் இருக்க வேண்டும், குழாய் இருமடங்குக்கும் மேல் நீளமாக வேண்டும். கணக்கு 112, 113 செ.மீ. என்றது. கை தவறினால் ஒட்ட முடியாதே என்று 115இல் வெட்டினேன். ‘ஏ’வுக்கு அரை ஸ்வரம் கீழே இருக்கும் ஜி ஷார்ப்பைக்கூட எட்டவில்லை. அரை செ.மீ., அரை செ.மீ.யாகக் குறைத்தேன். ஒரு செ.மீ. வெட்டினால் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. 110இல் நின்றது. கைப்பேசி டியூனர் இதில் உதவாது, அது ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்வரம் சொல்கிறது. கணினியில் பதிந்து அலைவரிசைப் படத்தில் 880ஐப் பார்த்துத்தான் வெட்டினேன். வெட்டிய பிறகு உள்விளிம்பில் நிற்கும் பிசிரை அரத்தால் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கரகரப்பு.

இப்போது மணி. மேல் முனையில் இரண்டு துளை, தூண்டில் நரம்பு, பின்கட்டுக் கதவுச் சட்டத்தில் ஒரு கொக்கி. மரச்சுத்தியலில் தோல் சுற்றி அடித்தேன். மென்மையாக, தூரத்தில் கேட்டது. மேனரிலும் இதே கதை. தோல் சுற்றியதும் வெறும் மரமும் போதாமல், பொறியாளர் டாம் நியூமேன் ஆணி பிடுங்கும் இரும்புச் சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் அதையே எடுத்தேன். சத்தம் பிரமாதம். நாலாவது அடியில் குழாயின் வாய் சப்பையானது. 0.9 மி.மீ. செம்பு, பிளம்பர் வேலைக்கு வந்தது, பித்தளை மணி அல்ல. ஆல்பத்தின் அட்டையில் மடங்கி நிற்கும் அந்தக் குழாய்கூட, ஓல்ட்ஃபீல்ட் அடித்துச் சேதப்படுத்திய மணிகளைப் பார்த்து அட்டைப்படத்தை உருவாக்கிய டிரெவர் கீ கண்ட யோசனை என்பார்கள். எனக்கு ஒரு குழாயை நெளிக்க முடிந்தது, அட்டைப்படம்தான் வரவில்லை.

மிச்சமிருந்த 131 செ.மீ.யில் இரண்டாவது குழாய். இந்த முறை மேல் முனையில் செப்பு மூடியைப் பற்றவைத்து, அடி மூடியின் ஓரத்தில் விழும்படி. மூடியின் எடையால் சுருதி ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம் இறங்கியது. வெட்டி வெட்டி 105 செ.மீ.க்கு வந்து நின்றது. மூடி நெளியவில்லை.

கடைசிப் பதிவு. ஆறு அடுக்கும் வலத் தடத்தில் தயார். மணியை இடத் தடத்தில் தனியாகப் பதிவதே பத்திரமான வழி, அப்படி ஒன்று செய்து வைத்தேன். ஆனால் மேசை ஓரத்தில் அட்டை கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி, ஆனது ஆகட்டும் என்று அதை எடுத்து இரேஸ் ஹெட்டில் ஒட்டி, வலத் தடத்தின் மேலேயே மணியை அடித்தேன். 0.16 வினாடி பின்தங்கும் என்று தெரியும், அதனால் ‘ஜொணு’ விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சுத்தியலை இறக்கினேன். எட்டு அடி. ஒலியளவு காட்டும் முள் கடைசிவரை போய் முட்டியது. மைக்கை இரண்டு மீட்டர் தள்ளி வைத்திருக்க வேண்டும், ஒரு முழம்தான் தள்ளியிருந்தேன். குளாக்கன்ஸ்பீல் எதிர்பார்த்தபடியே மங்கியது. ஆறாவது அடி முந்திவிட்டது. இரண்டையும் போட்டுக் கேட்டால் அட்டைப் பதிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மனைவிக்கு மற்றது.

செலவு: டெக் 85, பெல்ட்டும் உருளையும் 19, டேப் 56, ஆல்கஹால், பஞ்சு 7, குளாக்கன்ஸ்பீல் 14, குழாய் 38, கட்டர் 11, மூடி 3. ஆக 233 பவுண்டு. மிக்சர், கிதார், மின்பியானோ வீட்டில் இருந்தவை. பேஸ் இரவல்.

அடுத்த முறை பதிவதற்கும் கேட்பதற்கும் ஒரே ஹெட் பயன்படும் இயந்திரமாகத் தேடுவேன். ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டே மறு தடத்தில் நேராகப் பதிய வசதி இருந்தால் பாதித் தொல்லை இல்லை. பேஸை இப்போது வைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்து வைப்பேன். குழாயை 22 மி.மீ. துண்டில் முதலில் பழகிவிட்டு, தடித்த பித்தளைக்குப் போவேன். அரைவேகக் கிதாரை இன்னும் ஒன்று கூட்டுவேன். வயரை மட்டும் கழற்ற மாட்டேன்.

நெளிந்த குழாய் கொட்டகையில் கிடக்கிறது. முதலில் தப்பாக வெட்டிய 53.3 செ.மீ. துண்டை மாமியார் ஊருக்குப் போகும் முன் பின்வாசலில் கட்டித் தொங்கவிட்டுப் போனார், பக்கத்தில் ஒரு பழைய கரண்டியும். காற்றடித்தால் கரண்டி போய் இடிக்கிறது. டேப்பில் இருக்கும் மணியைவிட அதன் ‘ஏ’ சுத்தமாக இருக்கிறது.